தீராக் கழிச்சலும் மாட்டின் எதிர்ப்பாற்றலும்: வாசகர் கேள்வி பதில்

மாடுகளின் குடலில் ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து, பிறகு தீராக் கழிச்சலாக வெளிப்படும் ஜோன்ஸ் நோயைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அதைப் படித்துவிட்டுப் பண்ணையாளர்களும் மாணவர்களும் எழுதிய கடிதங்களிலிருந்து ஏழு கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். மாட்டின் உடல் இக்கிருமியை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பது புரிந்தால்தான் பரிசோதனை, தடுப்பூசி, கன்று வளர்ப்பு ஆகிய மூன்றும் புரியும் என்பதால் இரண்டாம் கேள்விக்கான விடை சற்று நீண்டுவிட்டது.

கேள்வி: என்னிடம் பன்னிரண்டு கலப்பினப் பசுக்கள் உள்ளன. அவற்றில் மூன்றாம் ஈற்றுப் பசு ஒன்று கன்று ஈன்ற ஒரு மாதத்தில் தண்ணீராகக் கழியத் தொடங்கியது. காய்ச்சல் இல்லை, தீவனத்தையும் குறைக்கவில்லை. ஆனால் விலா எலும்பு தெரியும் அளவுக்கு இளைத்துவிட்டது. குடற்புழு மருந்து கொடுத்தும், ஊசிகள் போட்டும் நிற்கவில்லை. மருத்துவர் ஜோன்ஸ் நோயாக இருக்கலாம் என்கிறார். மற்ற மாடுகள் நன்றாக இருக்கும்போது இதற்கு மட்டும் எப்படி வந்தது? (பால் பண்ணையாளர், ஈரோடு மாவட்டம்)

தாங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் அனைத்தும் ஜோன்ஸ் நோயோடு பொருந்துகின்றன. பசி குன்றாமல், காய்ச்சலும் இல்லாமல், எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கழிச்சல் வாரக்கணக்கில் நீண்டு மாடு மெலிந்துகொண்டே போனால் மருத்துவர் இந்நோயை ஐயுறுவது முறையே. சில நாள்களில் கீழ்த்தாடையில் நீர் கோத்து வீங்கவும் கூடும். குடல் வழியாகப் புரதம் கசிந்து வெளியேறுவதால் இரத்தத்தில் ஆல்புமின் குறைவதே அந்த வீக்கத்துக்குக் காரணம். ஆயினும் சில வகைக் குடற்புழுக்களும், செம்புச் சத்துக் குறைபாடும் இதே தோற்றத்தைத் தரக்கூடியவை. ஆகவே சாணத்தையும் இரத்தத்தையும் ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதிசெய்யாமல் முடிவுக்கு வரவேண்டாம்.

இந்நோயை உண்டாக்குவது மைக்கோபாக்டீரியம் ஏவியம் என்னும் சிற்றினத்தைச் சேர்ந்த பாராடியூபர்குளோசிஸ் என்ற துணையினம். காசநோய்க் கிருமிக்கும் தொழுநோய்க் கிருமிக்கும் இது உறவு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1895-இல் யோனே, ஃப்ராதிங்காம் என்ற இருவர் ஒரு பசுவின் தடித்துப்போன குடலில் இக்கிருமிகளைக் கண்டு, பறவைகளுக்குக் காசநோய் தரும் கிருமியாக இருக்கலாம் என்று கருதினர். டென்மார்க்கைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் பாங் 1906-இல் இது காசநோயிலிருந்து வேறான தனி நோய் என்று நிறுவினார். பறவைக் காசநோய்க் கிருமியின் இனத்திலேயே இதையும் இன்றைய வகைப்பாடு சேர்த்திருப்பதைப் பார்க்கும்போது, முதலில் கண்டவர்களின் ஊகம் முற்றிலும் பிழையானதன்று எனத் தோன்றுகிறது.

இனி, இந்தப் பசுவுக்கு மட்டும் எப்படி வந்தது என்ற கேள்வி. பெரும்பாலும் இந்த ஆண்டில் வந்த தொற்றாக இது இராது. இப்பசு இளங்கன்றாக இருந்தபோதே, கிருமியுள்ள சாணம் ஒட்டிய மடியில் பால் குடித்தபோதோ, சீம்பால் வழியாகவோ, சில நேரங்களில் தாயின் கருப்பையிலேயோ தொற்றியிருக்கும். தொற்றுக்கும் கழிச்சலுக்கும் இடையே வழக்கமாக 2 முதல் 5 ஆண்டுகள் கழியும். அதற்கும் மேலாவது உண்டு. பிறந்து 6 மாதம் வரை கன்று மிக எளிதில் தொற்றுக்கு உள்ளாகும். ஓராண்டு நிறைந்தபின் அதன் தாங்குதிறன் வளர்ந்த மாட்டின் அளவை நெருங்கிவிடும்.

ஆகவே மற்ற மாடுகள் நன்றாக இருக்கின்றன என்பதற்கு, அவற்றில் இன்னும் அறிகுறி வெளிப்படவில்லை என்பது மட்டுமே பொருள். ஒரு மந்தையில் பிறந்து வளர்ந்த ஒரு மாட்டில் நோய் முற்றித் தெரியும்போது, அந்த மந்தையில் தொற்றுள்ள மாடுகள் வேறு 15 முதல் 25 வரை இருக்கக்கூடும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். அது பெரிய மந்தைகளுக்கான கணக்கு. பன்னிரண்டு மாடுகளுள்ள இடத்துக்கு அப்படியே பொருந்தாது. இப்பசு தங்கள் கொட்டகையிலேயே பிறந்ததா, கிடேரியாக வெளியிலிருந்து வாங்கியதா என்பதைத் தாங்கள் எழுதவில்லை. வாங்கியதென்றால் மற்றவை தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். இங்கேயே பிறந்ததென்றால் இதன் தாயையும், இதனோடு ஒரே காலத்தில் வளர்ந்த கிடேரிகளையும் முதலில் பரிசோதிக்க வேண்டும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். இப்பசுவைச் சந்தைக்கு ஓட்டிவிட வேண்டாம். கழிச்சல் தொடங்கிய மாட்டின் ஒரு கிராம் சாணத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கிருமிகள் இருக்கக்கூடும். விவரம் அறியாமல் அதை வாங்குபவரின் கன்றுகளுக்கு அடுத்த சில ஆண்டுகளில் வரப்போகும் கேட்டை நாமே அனுப்பிவைத்தது போலாகும். இந்நோய் ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் இவ்வாறு கைமாறும் மாடுகளால்தான்.

கேள்வி: உடலில் எதிர்ப்பாற்றல் குறைந்த மாட்டுக்குத்தான் ஜோன்ஸ் நோய் வருகிறதா? முதலில் செல்வழி எதிர்ப்பாற்றல் (வெள்ளணுக்களே நேராக நின்று எதிர்ப்பது) எழும், பிறகு அது தணிந்து எதிர்ப்பொருள் (கிருமியைப் பற்றும் இரத்தப் புரதம்) பெருகும், அதன்பின் நோய் முற்றும் என்று பாடத்தில் படித்தோம். அந்த மாற்றம் ஏன் நிகழ்கிறது? (கால்நடை மருத்துவ மாணவி, நாமக்கல்)

எதிர்ப்பாற்றல் குறைவால் வருவது என்று சொன்னால் அது பாதி உண்மையாகவே இருக்கும். இந்நோயில் குடலைத் தடிக்கச் செய்வதும், சத்து உறிஞ்ச முடியாதபடி ஆக்குவதும் கிருமி சுரக்கும் நஞ்சு அன்று. கிருமியை அடக்குவதற்காக அங்கே வந்து குவிந்து, அடக்கவும் முடியாமல் கலையவும் முடியாமல் தங்கிவிட்ட மாட்டின் சொந்த வெள்ளணுக்களே. எனவே மாடு கிருமியை எதிர்க்கவில்லை என்பதைவிட, எதிர்த்த முறை இக்கிருமிக்கு ஏற்றதாக நீடிக்கவில்லை என்பதே சரி.

கிருமி நுழையும் இடத்திலிருந்து தொடங்குவோம். சிறுகுடலின் கடைப்பகுதியில் பேயர் திட்டுகள் எனப்படும் நிணநீர்த் திசுக்கள் உள்ளன. இளங்கன்றில் இவை நீண்ட தொடர்ப்பட்டையாக அமைந்திருந்து, வளர்ந்தபின் பெரிதும் சுருங்கிவிடுகின்றன. கன்றுப் பருவத்தில் தொற்று எளிதாக ஏற்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இத்திட்டுகளை மூடியிருக்கும் எம் செல்களின் வேலை, குடலுக்குள் இருப்பவற்றில் சிறிதளவை எடுத்து உள்ளே உள்ள எதிர்ப்பணுக்களுக்குக் காட்டுவது. கிருமி தன் மேற்பரப்பில் ஃபைப்ரோனெக்டின் புரதத்தைப் பற்றிக்கொண்டு, அதன் வழியாக எம் செல்லோடு இணைந்து உள்ளே போகிறது. பகைவரை அறிந்துகொள்ள உடல் வைத்திருக்கும் வாயிலே கிருமிக்கு நுழைவாயிலாகிறது.

உள்ளே காத்திருப்பது மேக்ரோபேஜ் என்னும் பெரிய விழுங்கணு. வேறு கிருமியாக இருந்தால், விழுங்கப்பட்ட பைக்குள் அமிலம் ஏறி, செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம் அதனோடு கலந்து, கிருமி சில மணி நேரத்தில் அழிந்துவிடும். பாராடியூபர்குளோசிஸ் கிருமி அந்தக் கலப்பைத் தடுத்துவிடுகிறது. அதன் சுவரில் உள்ள கொழுப்புகளும், லிப்போஅராபினோமன்னான் என்னும் சர்க்கரைக் கொழுப்பும் பையை முதிர விடாமல் நிறுத்துகின்றன. அதே வேளையில் மேக்ரோபேஜின் மேலுள்ள டி.எல்.ஆர். 2 என்ற உணர்வாங்கியைத் தூண்டி, உள்ளே பி 38 என்ற சமிக்ஞைப் பாதையை இயக்கி, இன்டர்லூக்கின் 10 என்ற தணிப்புப் பொருளை மிகுதியாகச் சுரக்கச் செய்கின்றன. அழற்சி அளவு மீறாதபடி காப்பது இன்டர்லூக்கின் 10-இன் இயல்பான பணி. அது மிக முன்னதாகவே வந்துவிட்டால், மேக்ரோபேஜ் கொல்லும் திறன் பெறாமலேயே அமைதியடைந்துவிடுகிறது. கிருமியோ ஒருமுறை இரட்டிப்பதற்கே ஒரு நாள் அளவு எடுத்துக்கொள்ளும் மெதுவான உயிரி. அதற்குப் பொறுமையான தங்குமிடம் கிடைத்துவிடுகிறது.

இந்த அமைதியை உடைக்கக்கூடியது, டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் தரும் இன்டர்ஃபெரான் காமா என்ற தூண்டுபொருள். அது மேக்ரோபேஜை எழுப்பி, பையில் அமிலம் ஏறவும் நைட்ரிக் ஆக்சைடு உண்டாகவும் செய்கிறது. தொற்றின் தொடக்க ஆண்டுகளில் மாட்டின் உடல் சார்ந்திருப்பது இதைத்தான். மாட்டினத்துக்கே உரிய ஒரு சிறப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். மனிதரின் இரத்த டி செல்களில் காமா டெல்டா வகை ஏறத்தாழ 5 விழுக்காடுதான். இளங்கன்றின் இரத்தத்தில் அது பன்மடங்கு மிகுதி. கிருமியை முதலில் சந்தித்து, இன்டர்ஃபெரான் காமாவைத் தொடக்கத்திலேயே அளித்து, கிரானுலோமா என்னும் அணுத்திரள் கட்டப்படுவதை ஒழுங்குபடுத்துவதில் இவற்றுக்குப் பங்குண்டு என ஆய்வுகள் காட்டுகின்றன. எலியில் கண்டதை மாட்டுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாமைக்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

இவ்வாறு அடக்கப்பட்ட நிலையில் குடலில் சிறிய, திட்டமான கிரானுலோமாக்கள் இருக்கும்; அவற்றில் டி செல்கள் மிகுந்தும் கிருமிகள் மிகக் குறைந்தும் காணப்படும். நோய் முற்றிய மாட்டிலோ எல்லையின்றிப் பரவிய மேக்ரோபேஜ் கூட்டம், அதில் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் கற்றை கற்றையாகக் கிருமிகள். சீல்–நீல்சன் சாயமிட்டுப் பார்த்தால் திசு முழுவதும் சிவப்பாகத் தெரியும். தொழுநோயில் கிருமி குறைந்த வகை, கிருமி மிகுந்த வகை என இரண்டு இருப்பதோடு இதை ஒப்பிடுவது வழக்கம். அந்த ஒப்புமை பெரிதும் பொருத்தமானதே.

பாடத்தில் படித்த மாற்றத்துக்கு வருவோம். செல்வழி எதிர்ப்பைத் தூண்டும் முதலாம் வகை உதவி டி செல்களின் ஆட்சி முடிந்து, எதிர்ப்பொருளைத் தூண்டும் இரண்டாம் வகையின் ஆட்சி தொடங்குகிறது என்று நீண்ட காலம் சொல்லப்பட்டு வந்தது. பொதுப்போக்காக அது இன்றும் ஏற்கத்தக்கதே. ஆனால் தனித்தனி விலங்குகளை மாதந்தோறும் தொடர்ந்து பார்த்தவர்கள் இத்தனை தெளிவான கோட்டைக் காணவில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் செம்மறிகளுக்குத் தொற்றை ஊட்டி நடத்திய ஆய்வுகளில், இன்டர்ஃபெரான் காமாவும் எதிர்ப்பொருளும் ஒரே காலத்தில் உயர்ந்த விலங்குகளும் இருந்தன. குடலில் புண் தோன்றியபின் தாமாகவே மீண்டவையும் இருந்தன. ஆகவே எதிர்ப்பொருளின் வரவு எதிர்ப்பாற்றல் திசைமாறியதன் அடையாளம் என்பதைவிட, குடலில் கிருமிச் சுமை ஏறிவிட்டதன் அடையாளம் என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. அந்த எதிர்ப்பொருளால் மாட்டுக்குப் பெரும் பயனில்லை. மேக்ரோபேஜுக்குள் வாழும் கிருமியை அது எட்டுவதில்லை.

அப்படியானால் செல்வழி எதிர்ப்பாற்றல் ஏன் தளர்கிறது? ஒரே விடை கிடையாது. ஆண்டுக்கணக்கில் ஒரே பகைப்பொருளால் தூண்டப்படும் டி செல்கள் களைத்துப்போகின்றன என்பது ஒன்று. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயுற்ற மாடுகளின் டி செல்களில் பி.டி. 1 என்ற தடைப்புரதமும், அதனோடு இணையும் பி.டி.எல். 1 புரதம் மற்ற வெள்ளணுக்களிலும் கூடுதலாக இருப்பதைக் கண்டனர். ஆய்வகத்தில் அவ்விணைப்பைத் தடுத்தபோது அச்செல்கள் மீண்டும் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்தன. மனிதரின் புற்றுநோய் மருத்துவத்தில் இன்று பேசப்படும் அதே தடைப்புரதம் இது. இன்னொரு காரணம் ஈற்று. சினையின் கடைசி வாரங்களிலும் ஈன்ற பின் சில வாரங்களிலும் ஹார்மோன் மாற்றங்களாலும், பால் சுரப்புக்கு உடல் கொடுக்கும் ஆற்றலாலும் பசுவின் டி செல்கள் மந்தமடைகின்றன. முந்தைய கேள்வியில் ஈரோட்டு வாசகரின் பசு ஈன்ற ஒரு மாதத்தில் கழியத் தொடங்கியது தற்செயல் அன்று. நோயின் இறுதிக் கட்டத்தில் சில மாடுகளில் இருவகை எதிர்வினையும் சேர்ந்தே ஒடுங்கிவிடும். அப்போது எதிர்ப்பாற்றலை அளக்கும் பரிசோதனைகள் எல்லாம் நோயில்லை எனக் காட்ட, மாடு மட்டும் கண்முன்னே கரைந்துகொண்டிருக்கும்.

கேள்வி: என் பசுவின் இரத்தத்தை இரண்டு முறை எலிசா பரிசோதனைக்கு அனுப்பி, இரண்டு முறையும் நோய் இல்லை என்று வந்தது. எட்டு மாதம் கழித்து நோய் உண்டு என்று வந்திருக்கிறது. ஆய்வகம் தவறு செய்ததா, இடையில் தொற்றியதா? (திருவண்ணாமலை வாசகர்)

இரண்டும் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். எலிசா தேடுவது கிருமியை அன்று, எதிர்ப்பொருளை. மேலே சொன்னபடி அது தொற்றின் பிற்பகுதியில், கிருமிச் சுமை ஏறிய பிறகே போதுமான அளவில் தோன்றுகிறது. கழிச்சல் உள்ள மாடுகளில் பெரும்பாலானவற்றை இப்பரிசோதனை காட்டிக்கொடுக்கும். தொற்று மட்டும் உள்ளே இருந்து, சாணத்தில் இன்னும் கிருமி வெளிவராத மாடுகளில் கால்பங்கைக்கூடக் காட்டாது. மறுபக்கம், எலிசா நோய் உண்டு என்று சொன்னால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மண்ணில் வாழும் தீங்கற்ற மைக்கோபாக்டீரியங்களுக்கு எதிராக உண்டான எதிர்ப்பொருள் குழப்பாதிருக்க, மைக்கோபாக்டீரியம் ஃப்ளெய் என்ற கிருமியின் சாற்றில் இரத்தநீரை முதலில் ஊறவைத்து அவற்றை நீக்கிவிடுகின்றனர். காசநோய்க்கான டியூபர்குலின் ஊசி போட்டிருந்தால் மட்டும் மூன்று மாதம் இடைவெளி விட்டு எலிசா செய்வது நல்லது. அந்த ஊசியே எதிர்ப்பொருளைச் சிறிது காலத்துக்கு உயர்த்திக் காட்டக்கூடும்.

முந்திய கட்டத்தில் கண்டறிய இன்டர்ஃபெரான் காமா பரிசோதனை உண்டு. மாட்டின் இரத்தத்தோடு ஜோனின் என்னும் கிருமிப் புரதத்தைச் சேர்த்து ஓரிரவு வைத்திருந்தால், கிருமியை முன்பே அறிந்த டி செல்கள் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கும். 1980-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் மாட்டுக் காசநோய்க்காக உருவான முறை இது. ஆனால் கிருமியைச் சந்தித்து வென்ற மாட்டையும், அதைச் சுமந்துகொண்டிருக்கும் மாட்டையும் இதனால் பிரித்துச் சொல்ல முடியாது. ஓராண்டுக்குக் குறைந்த கன்றுகளில் பொய்யாகவும் உயரும். எடுத்த இரத்தத்தை அன்றே ஆய்வகம் சேர்க்கவேண்டிய தொல்லை வேறு.

கிருமியையே தேடுவதென்றால் சாணம். வளர்ப்புமுறையில் 8 முதல் 16 வாரங்கள் காத்திருக்க வேண்டும். தனக்கு வேண்டிய இரும்பைக் கவரும் மைக்கோபாக்டின் என்ற பொருளை இக்கிருமி தானே போதிய அளவு செய்துகொள்ளாததால், அதை வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்தால்தான் வளரும். பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸை 1915-இல் அறிவித்த ஃப்ரெடரிக் ட்வோர்ட், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இறந்த வேறு மைக்கோபாக்டீரியங்களை ஊடகத்தில் கலந்து இதை முதன்முதலாக வளர்த்துக் காட்டினார். மரபுப்பொருளைப் பன்மடங்காக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். முறையில், இக்கிருமியின் ஐ.எஸ். 900 என்ற மரபுக்கூற்றைத் தேடினால் சில நாள்களிலேயே விடை கிடைக்கும். இருப்பினும் கிருமி தினமும் வெளியேறுவதில்லை. கிருமி கலந்த தீவனத்தைத் தின்ற நலமான மாட்டின் சாணத்திலும் ஓரிரு நாள் அது தென்படலாம்.

இவற்றையெல்லாம் கருதும்போது ஒரு முறை நோய் இல்லை என்று வந்த தாளை வைத்துக்கொண்டு மாடு வாங்குவதையோ, மந்தை முழுதும் தூய்மை என்று நம்புவதையோ நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆண்டுக்கு ஒரு முறையேனும் எல்லா வளர்ந்த மாடுகளுக்கும் எலிசா செய்து, உண்டு என வந்தவற்றைச் சாணப் பி.சி.ஆரால் உறுதிசெய்து, பல ஆண்டுகள் தொடர்ந்து பதிவு வைத்துக்கொள்வதே பயன் தரும்.

கேள்வி: நாட்டு மாடுகளுக்கு இந்நோய் வராது என்கிறார்களே, உண்மையா? (காங்கேயம் மாடு வளர்ப்பவர், திருப்பூர் மாவட்டம்)

உண்மையன்று. இந்தியாவின் நாட்டு மாடுகளிலும், எருமை, வெள்ளாடு, செம்மறிகளிலும் இந்நோய் பதிவாகியுள்ளது. இனத்துக்கு இனம் ஏற்புத்திறன் மாறுபடுவது மெய்தான். ஜெர்சி, கர்ன்சி இனங்களில் நோய் அதிகம் என்று பல நாடுகளின் அனுபவம் கூறுகிறது. நம்மிடையே ஜெர்சிக் கலப்பு மிகுதி என்பதால் அது கவனிக்கத்தக்கது. மேய்ச்சலில் பரந்து திரியும் மாட்டின் கன்றுக்கு, நெருக்கமான கொட்டகையில் வளரும் கன்றைவிடச் சாணத்தோடு தொடர்பு குறைவு. நாட்டு மாடுகளில் நோய் குறைவாகத் தெரிவதற்கு அதையும் ஒரு காரணமாகக் கொள்ள வேண்டும்.

கேள்வி: இதற்குத் தடுப்பூசி உண்டா? உண்டென்றால் எல்லா மாடுகளுக்கும் போட்டுவிடலாமே? மருந்து கொடுத்துக் குணப்படுத்த வழியில்லையா? (முன்னோடி விவசாயி, தஞ்சாவூர்)

தடுப்பூசியின் வரலாறு நீளமானது. பிரான்சில் வாலே, ரின்ஜார் இருவரும் 1926-இலேயே உயிருள்ள கிருமியை எண்ணெயில் கலந்து ஊசியாகப் போட்டனர். ஐஸ்லாந்தின் கதை இன்னும் கருத்தில் கொள்ளத்தக்கது. 1933-இல் ஜெர்மனியிலிருந்து இறக்குமதியான கரக்குல் செம்மறிகள் சிலவற்றோடு இந்நோயும் வேறு சில கொடிய நோய்களும் அந்நாட்டுக்குள் புகுந்து, ஆட்டு வளர்ப்பையே உலுக்கின. தடுப்பூசியால்தான் அங்கே ஜோன்ஸ் நோயின் இறப்புகள் கட்டுக்குள் வந்தன. ஆஸ்திரேலியாவில் செம்மறிகளுக்குக் கொல்லப்பட்ட கிருமியால் ஆன ஊசி போடப்பட்டு, கள ஆய்வுகளில் இந்நோயால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தது. இந்தியாவில் மதுரா மாவட்டத்து மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தில், ஜமுனாபாரி வெள்ளாட்டிலிருந்து பிரித்தெடுத்த உள்நாட்டுக் கிருமி வகையைக் கொண்டு தடுப்பூசி உருவாக்கப்பட்டுள்ளது.

ஆயினும் எல்லா மாடுகளுக்கும் போட்டுவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். இந்த ஊசிகள் இன்டர்ஃபெரான் காமாவை வலுவாகத் தூண்டுவதால் நோய் முற்றுவது தாமதமாகிறது, சாணத்தில் வெளிவரும் கிருமி குறைகிறது. தொற்று ஏற்படுவதையே தடுத்துவிடுவதில்லை. ஊசி போட்ட மாடும் கிருமியை வெளியேற்றக்கூடும். எதிர்ப்பாற்றல் தூண்டப்பட்டுவிடுவதால் பிறகு எலிசாவையோ காசநோய்த் தோல் சோதனையையோ நம்ப முடியாமல் போகும். மாட்டுக் காசநோயும் உள்ள நாட்டில் இது சிறிய இழப்பு அன்று. எண்ணெய் கலந்த ஊசியாதலால் போட்ட இடத்தில் கட்டி ஏற்படுவதும், தவறிப் போடுபவரின் விரலில் குத்திவிட்டால் கடும் புண்ணாகி நெடுநாள் துன்புறுத்துவதும் உண்டு. நோய் ஆழமாக வேரூன்றிய, கன்றுகளைப் பிரித்து வளர்க்க வசதியில்லாத மந்தைக்கு, மருத்துவரின் மேற்பார்வையில், இளங்கன்றுகளிலிருந்து தொடங்குவதானால் அது நல்ல துணை. கொட்டகைத் தூய்மைக்கு மாற்றாக அதை எண்ணுவது கேட்டில்தான் முடியும்.

மருந்தைப் பொறுத்தவரை, காசநோய், தொழுநோய் மருந்துகள் சிலவற்றை நாள்தோறும் கொடுத்தால் கழிச்சல் குறையலாம், நிறுத்தினால் திரும்பும். கிருமி ஒழிவதில்லை, அந்தப் பாலையும் பயன்படுத்த முடியாது. ஆகவே மாடுகளுக்கு ஏற்கத்தக்க சிகிச்சை இல்லை. தீர்த்துவிடுவதாகச் சொல்லி விற்கப்படும் பொடிகளுக்குப் பணத்தை இழக்க வேண்டாம்.

கேள்வி: இந்த மாடுகளின் பாலைக் குடித்தால் மனிதருக்குக் குரோன் நோய் என்னும் நாட்பட்ட குடல் அழற்சி வரும் என்று படித்தேன். அச்சமாக இருக்கிறது. (இல்லத்தரசி, மதுரை)

இந்த ஐயம் நூறாண்டு பழையது. கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவர் டேல்சீல், தாம் கண்ட நோயாளிகளின் தடித்த குடல் மாட்டின் ஜோன்ஸ் நோயை ஒத்திருப்பதை 1913-இலேயே எழுதினார். 1984-இல் அமெரிக்காவில் குரோன் நோயாளிகள் சிலரின் குடலிலிருந்து இக்கிருமி வளர்த்தெடுக்கப்பட்டது. பாக்டீரியாவின் செல்சுவரை உணரும் நாட் 2 என்ற மரபணுவில் சில மாற்றங்கள் உள்ளவர்களுக்குக் குரோன் நோய் எளிதில் வருகிறது என்று 2001-இல் தெரியவந்தபோது இந்த ஐயம் மேலும் வலுப்பெற்றது. எனினும் நோயாளிகள் எல்லாரிடமும் கிருமி காணப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் இரண்டாண்டுக் காலம் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து நடத்தி, 2007-இல் வெளியான ஆய்வு நிலையான பயனைக் காட்டவில்லை. எனவே காரணம் என்று நிறுவப்படவில்லை. தொடர்பே இல்லை என்றும் முடிவாகவில்லை.

இக்கிருமி வெப்பத்தைச் சற்றுத் தாங்கக்கூடியது. பிரிட்டனில் கடைகளில் விற்ற பதப்படுத்திய பாலை ஆராய்ந்தபோது, மிகச் சிறிய பங்கு மாதிரிகளில் உயிருள்ள கிருமி கண்டறியப்பட்டது. நம் வீடுகளில் பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் உள்ளவரை தாங்கள் அஞ்ச வேண்டியதில்லை. கறந்த பாலைப் பச்சையாகக் குடிப்பது நல்லது என்று யாரேனும் சொன்னால் ஏற்க வேண்டாம். அதற்கு ஜோன்ஸ் நோயைவிட உறுதியான காரணங்களாகக் காசநோயும் புருசெல்லா நோயும் உள்ளன.

கேள்வி: நோய் கண்ட பண்ணையில் பிறக்கும் கன்றுகளை எப்படிக் காப்பாற்றுவது? சீம்பால் கொடுக்காமல் இருக்கலாமா? (மகளிர் பால் உற்பத்தியாளர், தருமபுரி மாவட்டம்)

சீம்பாலைத் தவிர்க்கவே கூடாது. மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்பொருள் கருவுக்குச் செல்வதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலே கன்றின் முதல் காப்பு. அது கிடைக்காத கன்று ஜோன்ஸ் நோய்க்கு முன்பே வேறு கழிச்சலிலோ நுரையீரல் அழற்சியிலோ இறந்துவிடும். தாய்க்குப் பரிசோதனையில் நோய் இல்லை என்றால், மடியையும் காம்பையும் கழுவித் துடைத்து, கறந்து, கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கை முதல் சில மணி நேரத்துக்குள் புகட்டுங்கள். தாய்க்கு நோய் உண்டு என்றால் கன்றை உடனே பிரித்து, நோயில்லாத வேறொரு பசுவின் சீம்பாலைக் கொடுங்கள். பல பசுக்களின் சீம்பாலை ஒன்றாகக் கலந்து கொடுக்க வேண்டாம். அவற்றில் ஒன்றில் கிருமி இருந்தாலும் எல்லாக் கன்றுகளுக்கும் போய்ச்சேரும்.

ஈனும் இடம் உலர்ந்ததாகவும், கழியும் மாடு எதுவும் நிற்காத தனி இடமாகவும் இருக்கட்டும். கன்றுகளை வளர்ந்த மாடுகளின் சாணமும் கழுவுநீரும் வராத மேட்டுப் பக்கத்தில் கட்டுங்கள். பெரிய மாடுகள் தின்று கழித்த தீவனத்தையும், அவை குடித்த தொட்டி நீரையும் கன்றுகளுக்குக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் நம் பண்ணைகளில் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கொட்டகைக் கழுவுநீரைக் கம்பு–நேப்பியர் தீவனப்புல்லுக்குப் பாய்ச்சுவது நல்ல பழக்கம்தான். ஆனால் நிழலான மண்ணிலும் சாணத்திலும் இக்கிருமி ஓராண்டுக்கு மேல் உயிரோடிருந்ததை ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியுள்ளது. சாண எரிவாயுக் கலனின் மிதமான வெப்பத்திலும் அது பல நாள் தாங்கும் என்பதால், கலனிலிருந்து வரும் கழிவையும் பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். அந்த நீர் பாயும் பாத்தியின் புல்லை வளர்ந்த மாடுகளுக்கு மட்டும் போடுங்கள். ஓராண்டு நிறையாத கன்றுகளுக்குத் தனியாக ஒரு பாத்தி ஒதுக்கி, அதற்குக் கிணற்று நீரை மட்டும் பாய்ச்சுங்கள்.